மலைமுகட்டில் ஒரு மறுகுரல்

நுழையும்முன்

புயலும் வெள்ளமும் நிலச்சரிவும் நேரும்போது உணவும் மருந்தும் எங்கே தேவை என்பதை அறிவிக்கும் குரலே முதலில் அறுபடுகிறது. அக்குரலை மீட்டுத்தரும் எளிய அமைப்பு ஒன்றையும், அதனை இளையோர் ஏன் பயிலவேண்டும் என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

2024ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் விடியுமுன், கேரள மாநிலம் வயநாடு மாவட்டத்தில் முண்டக்கை, சூரல்மலை ஆகிய ஊர்களின்மீது மலை சரிந்தது. இருநூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சூரல்மலையிலிருந்து முண்டக்கைக்குச் செல்லும் பாலம் அடித்துச் செல்லப்பட்டது. சாலையும் மின்சாரமும் போயின. அவற்றை நம்பியிருந்த செல்பேசித் தொடர்பும் தடுமாறியது. மீட்புக்குழுவினர் சேற்றில் தேடிக்கொண்டிருந்த இடத்திற்கும், எத்தனை ஊர்திகள் வேண்டும், எத்தனை மருத்துவர்கள் வேண்டும் என்று முடிவெடுக்கும் இடத்திற்கும் இடையே மலைகள் நின்றன.

அவ்வேளையில் கல்பற்றாவில் உள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் தரைத்தளத்தில் ஹாம் வானொலியாளர்கள் ஒரு தளநிலையத்தை அமைத்தனர். அம்பலவயல் பொன்முடிக்கோட்டை மலைமேல் அவர்களுடைய மறுபரப்பி ஒன்று இருந்தது. பேரிடர் நிகழ்ந்த பகுதியிலிருந்து சிறு கருவிகளில் பேசப்பட்ட சொற்கள் அதன் வழியாகத் தளநிலையத்தை அடைந்தன. மறுமொழியும் அவ்வழியே திரும்பியது. இந்நிகழ்வில் எண்ணிப் பார்க்கத்தக்கது ஒன்றுண்டு. அம்மறுபரப்பி நிலச்சரிவுக்குப் பின் வாங்கப்பட்டதன்று. அமைதியான நாள்களில், பொழுதுபோக்காக வானொலி பயின்றவர்கள் மலையேறிச் சென்று நிறுவியது. அத்தகைய மறுபரப்பி இல்லாத மலைகளும், இருந்தும் அதன் அலை இறங்காத பள்ளத்தாக்குகளும் மேற்குத் தொடர்ச்சி மலையில் பல. வயநாட்டை அடுத்துள்ள நீலகிரியும் இதற்கு விலக்கன்று.

ஹாம் வானொலி

வணிக நோக்கமின்றி, கற்றலுக்காகவும் பயிற்சிக்காகவும் தனிமனிதர் உரிமம் பெற்று நடத்தும் வானொலித் தொடர்பையே ஹாம் வானொலி என்பர். பாட்டும் செய்தியும் ஒலிபரப்பும் வானொலியினின்று இது வேறுபட்டது. இங்கே கேட்பவரும் பேசலாம். ஒவ்வொருவர்க்கும் அரசு ஓர் அழைப்புக்குறியை வழங்கும். பேசத் தொடங்கும்போது அதனைச் சொல்லித் தம்மை அறிவிப்பது விதி. இந்தியாவில் ஒலிபரப்பின் தொடக்கமே இத்தகைய ஆர்வலர்களால் நேர்ந்தது என்பது இன்று பெரிதும் மறக்கப்பட்டுவிட்டது. 1924இல் சென்னையில் கிருஷ்ணசாமிச் செட்டியார் முன்னின்று தொடங்கிய சென்னை மாகாண வானொலிக் கழகம், அனைத்திந்திய வானொலி தோன்றுவதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்பே ஒலிபரப்பியது.

ஹாம் வானொலியாளர்க்கு உரிய அலைப்பட்டைகள் பல. அவற்றுள் நெடுந்தொலைவுக்குரியன சில. அண்மைத் தொலைவுக்குரியன சில. இடர்க்களத்திற்குள் பயன்படுவன இரண்டாம் வகையைச் சார்ந்தவை. இந்தியாவில் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை ஒரு பட்டையும், 434 முதல் 438 மெகாஹெர்ட்ஸ் வரை மற்றொரு பட்டையும் இதற்கென உள்ளன. முன்னதன் அலைநீளம் ஏறத்தாழ 2 மீட்டர். பின்னதன் அலைநீளம் ஏறத்தாழ 70 சென்டிமீட்டர். கையடக்கக் கருவிகள் பெரும்பாலும் இவ்விரண்டிலும் இயங்கும். அவற்றின் திறன் 5 வாட் அளவினது.

இவ்வலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில் செல்வன. ஆகவே, திறனைவிட உயரமே அவற்றின் எல்லையை வரையறுக்கிறது. ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால், தடையற்ற நிலத்தில் அலை சென்றடையும் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். கையில் பிடித்த கருவிக்கு, அதாவது ஒன்றரை மீட்டர் உயரத்திற்கு, இது 5 கிலோமீட்டர். 100 மீட்டர் உயரக் குன்றில் வைத்த கருவிக்கு 41 கிலோமீட்டர். 400 மீட்டர் உயர்ந்தால் 82 கிலோமீட்டர். பள்ளத்தாக்கில் நிற்பவருக்கோ 5 கிலோமீட்டரும் கிட்டாது. எதிரேயுள்ள மலைச்சரிவு வரைதான் அவர் குரல் செல்லும். அச்சரிவின் உச்சியில் ஒருவர் நின்று, கீழிருந்து கேட்டதை அப்பால் உள்ளவர்க்குத் திருப்பிச் சொல்வாராயின் தொடர்பு கிட்டும். அவ்வொருவரின் வேலையைச் செய்யும் பொறியே ரிப்பீட்டர் எனப்படும் மறுபரப்பி.

இரு பட்டைகளுக்கு இடையே ஒரு பாலம்

வழக்கமான மறுபரப்பி, ஒரே அலைப்பட்டையில் ஓர் அதிர்வெண்ணில் கேட்டு, சற்றே விலகிய மற்றோர் அதிர்வெண்ணில் பேசும். 2 மீட்டர்ப் பட்டையில் இவ்விலகல் பொதுவாக 0.6 மெகாஹெர்ட்ஸ். இவ்வளவு நெருக்கத்தில் ஒரே நேரத்தில் பேசவும் கேட்கவும் முயன்றால், தன் குரலே தன் செவியை அடைத்துவிடும். அதனைத் தடுக்க எடைமிகுந்த உலோக வடிகட்டிகளும் நுட்பமான சீரமைப்பும் வேண்டும். சாலை அறுந்த மலைக்கு அவற்றைச் சுமந்துசென்று ஒரு பகலுக்குள் நிறுவுதல் எளிதன்று.

இச்சிக்கலுக்கு ஹாம் வானொலியாளர் கண்ட எளிய விடையே கிராஸ்பேண்ட் ரிப்பீட்டர். தமிழில் இதனை இருபட்டை மறுபரப்பி எனலாம். இது ஒரு பட்டையில் கேட்டதை மறு பட்டையில் பேசும். 145 மெகாஹெர்ட்ஸும் 436 மெகாஹெர்ட்ஸும் ஒன்றுக்கொன்று வெகு தொலைவில் இருப்பதால் பெரிய வடிகட்டிகள் தேவைப்படா. ஊர்திகளில் பொருத்தப்படும் இருபட்டை வானொலிகள் சிலவற்றில் இவ்வசதி முன்னரே அமைந்துள்ளது. அவ்வகை வானொலி ஒன்று, இரு பட்டைகளுக்கும் பொதுவான ஆன்டெனா ஒன்று, 12 வோல்ட் மின்கலம் ஒன்று, நட்டு நிறுத்த ஒரு கம்பம் ஆகியவை போதும். இருவர் சுமந்துசெல்லக்கூடிய சுமை இது.

பள்ளத்தாக்கில் உள்ள மீட்புக்குழுவினர் 70 சென்டிமீட்டர்ப் பட்டையில் பேசுவர். முகட்டில் உள்ள வானொலி அதனைக் கேட்ட அக்கணமே 2 மீட்டர்ப் பட்டையில் வெளியிடும். மலைக்கு அப்பால் உள்ள கட்டுப்பாட்டு மையம் அதனைக் கேட்கும். மையம் 2 மீட்டர்ப் பட்டையில் மறுமொழி கூற, முகட்டு வானொலி அதனை 70 சென்டிமீட்டர்ப் பட்டையில் பள்ளத்தாக்கினுள் இறக்கும். முன்னரே மலையில் ஒரு நிலையான மறுபரப்பி இருந்து, அதன் அலை பள்ளத்தாக்கை எட்டாதிருக்குமாயின், அதற்கும் கையடக்கக் கருவிக்கும் இடையே இப்பொறியை ஓர் இடைப்படியாகவும் வைக்கலாம்.

தெரிந்து தெளிவோம்

விண்ணிலும் இதே இருபட்டைத் தத்துவம் பயன்பட்டுள்ளது. இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் ஹாம் வானொலியாளர்க்கென உருவாக்கிய ‘ஹாம்சாட்’ என்னும் 42.5 கிலோகிராம் எடையுள்ள செயற்கைக்கோள், 2005ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி6 ஏவூர்தியால் செலுத்தப்பட்டது. அது 435 மெகாஹெர்ட்ஸ் அளவில் கேட்டு 145 மெகாஹெர்ட்ஸ் அளவில் மறுபரப்பியது. 2014 வரை இயங்கியது. பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் 2020 செப்டம்பரில் இயங்கத் தொடங்கிய மறுபரப்பி 145.990 மெகாஹெர்ட்ஸில் கேட்டு 437.800 மெகாஹெர்ட்ஸில் பேசுகிறது.

எளிமையில் மறைந்துள்ள கண்ணிகள்

பொத்தான்கள் சிலவற்றை அழுத்தினால் இயங்கிவிடும் என்பதாலேயே இப்பொறியைக் குறைத்து மதிப்பிடுவோர் உளர். வாங்கி வைத்துவிட்டால் போதும், வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம் என்பது அவர்தம் எண்ணம். அவ்வெண்ணம் எவ்வளவு பிழையானது என்பதைக் காட்ட ஓர் எடுத்துக்காட்டே போதும்.

பதினோராம் வகுப்பு இயற்பியலில் சீரிசை பற்றிப் பயில்வோர், ஓர் அடிப்படை அதிர்வெண்ணோடு அதன் இருமடங்கு, மும்மடங்கு அதிர்வெண்களும் எழக்கூடும் என்பதை அறிவர். வானொலிப் பரப்பிகளிலும் அவ்வாறே. முகட்டில் உள்ள வானொலி 145.2 மெகாஹெர்ட்ஸில் பேசும்போது அதன் மூன்றாம் சீரிசை, மிக மெலிந்த அளவிலேனும், 435.6 மெகாஹெர்ட்ஸில் தோன்றும். பள்ளத்தாக்கில் உள்ளோர்க்கு அதே 435.6 ஒதுக்கப்பட்டிருந்தால், மையத்திற்குப் பேசும் பொறி தன் எச்சவொலியைத் தானே கேட்டுக் குழம்பும். சேற்றினுள்ளிருந்து வரும் மெல்லிய குரல் அதில் அமிழ்ந்துவிடும். 144 முதல் 146 வரையுள்ள எண்களை மூன்றால் பெருக்கினால் 432 முதல் 438 வரை வரும். இந்தியாவில் ஒதுக்கப்பட்ட 434 முதல் 438 வரையிலான பட்டை முழுவதும் அதனுள் அடங்கிவிடுகிறது. ஆகவே எந்த இணையைத் தேர்ந்தாலும் முதலில் மூன்றால் பெருக்கிப் பார்த்தல் கட்டாயமாகிறது. 145.2உடன் 436.9ஐ இணைத்தால் இடரில்லை. இவ்வளவு சிறிய கணக்கை மழையில் நின்றுகொண்டு, பதற்றத்திற்கிடையே, முதன்முறையாகச் செய்ய நேர்வதுதான் அவலம்.

வெப்பம் மற்றொரு கண்ணி. ஊர்தி வானொலிகள் 50 வாட் வரை திறன் கொண்டவை. ஆயினும் ஒருவர் சில நொடிகள் பேசிப் பின் கேட்பதற்காக அவை வடிவமைக்கப்பட்டன. மறுபரப்பியாகும்போது இருபுறத்துப் பேச்சையும் அதுவே சுமப்பதால் பெரும்பொழுது பரப்பிக்கொண்டே இருக்கும். முழுத்திறனில் இயக்கினால் கருவி கொதித்துச் செயலிழக்கும். 5 அல்லது 10 வாட்டே ஏற்றது. உயரத்தில் இருப்பதால் அதுவே போதுமானதும் ஆகும். மின்கலத்திற்கும் இதுவே நலம். குறைந்த திறனில், இடைவிட்டுப் பேசும் நிலையில், 40 ஆம்பியர்-மணி மின்கலத்தின் பாதிக் கொள்ளளவைக் கொண்டே ஒரு பகலை ஓட்டிவிடலாம். மின்கலத்தை மாற்ற ஒருவர் மலையேறும் நேரத்தையும் இக்கணக்கோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். பலர் அதை மறந்துவிடுகின்றனர்.

இனி, வழிதவறி வரும் இரைச்சலைக் கேட்டு இப்பொறி தானாகவே பேசத் தொடங்கிவிடக் கூடாது. அதற்காக, பேச்சோடு சேர்ந்து செல்லும் ஒரு தாழ்ந்த தொனி இருந்தால் மட்டுமே திறக்குமாறு அதன் செவி பூட்டப்படுகிறது. விண்வெளி நிலையத்து மறுபரப்பியின் தொனி 67 ஹெர்ட்ஸ். இருபட்டை மறுபரப்பியில் இப்பூட்டு இரு பக்கமும் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இட்டு மறு பக்கத்தைத் திறந்துவிட்டால் அப்பக்கத்து இரைச்சல், கேட்போர் எவரும் இல்லாத வேளையிலும் மின்கலத்தைக் குடித்துத் தீர்க்கும்.

நிலையான மறுபரப்பியோடு இணைக்கும்போது இன்னொரு தொல்லை நேரும். அம்மறுபரப்பி ஒவ்வொரு பேச்சுக்குப் பின்னும் சில நொடிகள் அலையை நீட்டித்து நிறுத்தும். அந்நொடிகளில் இருபட்டைப் பொறி அதனைக் கேட்டுப் பரப்பிக்கொண்டே இருப்பதால், பள்ளத்தாக்கில் உள்ளவர் எவ்வளவு கத்தினாலும் உள்ளே நுழைய இயலாது. உயிர்போகும் அவசரத்திலும் அவர் காத்திருக்க வேண்டும். அந்நீட்டிப்பைக் குறைத்து வைத்தலும், பொத்தானை அழுத்தியபின் ஒரு நொடி தாழ்த்துப் பேசுதலும் இதற்குத் தீர்வுகள். இரண்டும் பழக்கத்தால் மட்டுமே வருவன.

எதிர்ப்புரைகள்

செல்பேசிக் கோபுரங்கள் ஊர்தோறும் நிற்கும் காலத்தில் இப்பழைய கருவி எதற்கு என்பர் சிலர். கோபுரம் தனித்து நிற்பதில்லை. அதற்கு மின்சாரம் வேண்டும். ஒளியிழை வடமோ நுண்ணலை இணைப்போ வேண்டும். எங்கோ உள்ள இணைப்பகம் இயங்கவேண்டும். இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் கையிலுள்ள செல்பேசி வெறும் விளக்காகிவிடும். 2018 நவம்பரில் கஜா புயல் காவிரிக் கழிமுகப் பகுதியில் மின்கம்பங்களைச் சாய்த்தபோது மக்கள் இதனை நேரில் கண்டனர். மேலும், செல்பேசி இருவரை மட்டும் இணைப்பது. வானொலியில் ஒருவர் பேசுவதை அனைத்துக் குழுக்களும் ஒரே நேரத்தில் கேட்பதால், ஒரே படகை மூவர் கேட்டுக்கொண்டிருக்கும் குழப்பம் குறையும்.

செயற்கைக்கோள் தொலைபேசியின் பயன் பெரிதே. ஆயினும் இந்தியாவில் அது கடுமையான கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. ஒரு மாவட்டத்தில் எண்ணிக்கையில் சிலவாக உள்ள அவற்றைத் தேடுதல் பணியில் உள்ள ஒவ்வொரு குழுவிடமும் கொடுத்துவிட இயலாது.

ஹாம் வானொலியாளரிடமிருந்தே எழும் எதிர்ப்பு இவற்றினும் வலுவானது. வீட்டு மாடிகளில் இருபட்டைப் பொறியை இயக்கிவிட்டு, கண்காணிக்க எவருமின்றி விட்டுச்செல்வோரால் அதிர்வெண்கள் வீணே அடைபடுகின்றன என அவர்கள் குறைகூறுவர். இக்குறை நியாயமானது. இப்பொறியைப் பரப்ப வேண்டும் என்போர் இதனை எளிதாகத் தள்ளிவிடுதல் முறையன்று. பொறி எதைப் பரப்பினாலும் அதற்கு உரிமம் பெற்ற ஒருவர் பொறுப்பாளி. அவர் அழைப்புக்குறி இரு பட்டைகளிலும் ஒலிக்க வேண்டும். தவறு நேர்ந்தால் உடனே அணைக்கக்கூடிய தொலைவில் அவர் இருக்க வேண்டும். தேவை எழும்போது நிறுவி, தேவை முடிந்ததும் பிரித்துவிடும் கூடாரம் போன்றதாகவே இதனைக் கருத வேண்டும். நிலையாக ஓரிடத்தில் வேண்டுமெனில், உரிய இசைவு பெற்று வழக்கமான மறுபரப்பியை நிறுவுதலே தக்கது.

யார் கையில் இருத்தல் வேண்டும்?

2004 டிசம்பரில் ஹைதராபாத்தின் தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் குழுவினர், அந்தமானிலிருந்து உலக ஹாம் வானொலியாளரோடு பேசுவதற்காகப் போர்ட் பிளேயரில் தங்கியிருந்தனர். 26ஆம் நாள் ஆழிப்பேரலை தாக்கியதும் அப்பணியை நிறுத்திவிட்டு, தங்கள் நிலையத்தை அவசரச் செய்திகளுக்கென மாற்றினர். தீவுகளில் உள்ள உறவினர் நலமாக உள்ளனரா என்று தெரியாது தவித்தோர்க்கு அவர்கள் வழியே செய்தி சென்றது. அவர்கள் பயன்படுத்தியவை நெடுந்தொலைவு அலைகள். அத்தொலைவுக்கு இருபட்டை மறுபரப்பி பயன்படாது. ஆனால் அந்நிகழ்வு பாராட்டுரைகளில் இடம்பெறும் அளவுக்குத் திட்டங்களில் இடம்பெறவில்லை. தேர்ந்த வானொலியாளரும் கருவிகளும் அன்று அத்தீவில் இருந்தது தற்செயல். அத்தகைய தற்செயல் கடலூருக்கோ நாகப்பட்டினத்திற்கோ மீண்டும் வாய்க்கும் என்று காத்திருத்தல் பொறுப்புடைய செயலாகாது.

கருவியை வாங்கி அலுவலக அறையில் வைத்துப் பூட்டுவது திட்டமாகாது. பூட்டிய அறையில் மின்கலம் செயலிழந்திருக்கும்; வாங்கியவர் இடமாறுதல் பெற்றிருப்பார்; எந்த அதிர்வெண் இணை, எந்தத் தொனி என்பது எவர்க்கும் நினைவிராது. ஆண்டு முழுவதும் அதனை எடுத்துக் கையாளும் ஆர்வமும் ஓய்வும் உடையோர் கையில் அது இருக்கவேண்டும். மலைப்பகுதியிலும் கடலோரத்திலும் உள்ள மேல்நிலைப் பள்ளிகளும் கல்லூரிகளும் அதற்குரிய இடங்கள். நாட்டு நலப்பணித் திட்டமும் தேசிய மாணவர் படையும் அங்கே முன்னரே இயங்குகின்றன. புதிதாக ஓர் அமைப்பைத் தோற்றுவிக்க வேண்டியதில்லை.

வயதும் தடையன்று. பன்னிரண்டு அகவை நிரம்பியோர் நடுவணரசின் தகவல் தொடர்பு அமைச்சகம் நடத்தும் தேர்வை எழுதி உரிமம் பெறலாம். அத்தேர்வில் கேட்கப்படும் மின்னியல், அலையியல் கருத்துகளிற் பலவற்றை மேல்நிலை வகுப்பு மாணவர் பாடநூலிலேயே பயின்றுவிடுகின்றனர். எஞ்சுவது வானொலி விதிகளும் ஒழுக்கமும் ஆகும். உரிமமின்றிப் பரப்புதல் சட்டப்படி குற்றம் என்பதை அவற்றோடு சேர்த்துக் கற்பிக்கவேண்டும்.

ஒழுக்கம் என்பது இங்கே அலங்காரச் சொல்லன்று. ஹாம் வானொலியில் பேசப்படுவதை எவரும் கேட்கலாம், மறைமொழிக்கு இடமில்லை. முகாமில் வானொலிப்பெட்டியைச் சூழ்ந்து நிற்போர் நடுவே இறந்தவர் பெயர் வெளிப்பட்டால், அதைக் கேட்பவருள் அவர்தம் தாயும் இருக்கக்கூடும். எதைப் பேசலாம், எதை எழுதி ஆள்வழி அனுப்பவேண்டும் என்னும் பகுத்தறிவைக் கருவி தராது. குறைவாகப் பேசுதல், பேசியதைக் குறித்துக்கொள்ளுதல், தம் முறை வரும்வரை காத்திருத்தல் ஆகியவற்றைப் பதினாறு வயதினர் கற்க இயலாது என்று கருதுவோர், அவர்களுக்கு அதற்கான வாய்ப்பைத் தந்து பார்த்ததில்லை.

திங்களுக்கொரு முறை அரைநாள் போதும். ஒரு குழு குன்றேறி அரைமணி நேரத்திற்குள் பொறியை நிறுவவேண்டும். ஏனையோர் கையடக்கக் கருவிகளுடன் ஊரின் வெவ்வேறு மூலைகளுக்குச் சென்று பேசிப் பார்க்கவேண்டும். ஓடைக்கரையில் கேட்டதா, தேயிலைத் தோட்டத்துக் குடியிருப்பில் கேட்டதா, மருத்துவமனையின் உள்ளறையில் கேட்டதா, கேட்காத இடத்தில் பத்தடி தள்ளி நின்றால் கேட்டதா என்பன அனைத்தும் நாளும் நேரமும் குறித்து வரைபடத்தில் பதியப்படவேண்டும். சில திங்களில் அவ்வூரின் செவிட்டுப் பகுதிகள் எவை, அவற்றை எந்த முகட்டிலிருந்து எட்டலாம் என்பது தெளிவாகிவிடும். அவ்வரைபடத்தின் ஒரு படி, பயன்படுத்தத்தக்க அதிர்வெண் இணைகளுடனும் உரிமம் பெற்றோரின் அழைப்புக்குறிகளுடனும் மாவட்ட அவசரகாலச் செயற்பாட்டு மையத்தின் மேசைமேல் வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் இருத்தல் வேண்டும்.